நீரில் தோய்ந்த ஓவியம்

வங்காளத்தில் ஓவியக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர் அவனீந்திரநாத தாகூர். கவியரசர் இரவீந்திரநாதருக்கு இவர் தமையன் மகன் முறையினர். கல்கத்தாவில் ஜோராசங்கோ மாளிகையில் 1871இல் பிறந்தவர். இளமையில் இத்தாலியர் ஒருவரிடமும் ஆங்கிலேயர் ஒருவரிடமும் மேனாட்டு ஓவிய முறையைப் பயின்றார். கை பழகிற்று, மனம் நிறையவில்லை. அவ்வேளையில் கலைப்பள்ளித் தலைவர் ஹாவெல் முகலாயச் சிற்றோவியங்களின் அருமையை அவருக்கு உணர்த்தினார். இந்த ஹாவெல், முன்னர்ச் சென்னைக் கலைப்பள்ளியிலும் தலைமை தாங்கியவர்.

அருமை மகளைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த துயரில் அவர் தீட்டியதே ‘ஷாஜஹானின் இறுதி’ என்னும் படம். கிழ மன்னன் தொலைவிலுள்ள தாஜ்மகாலை நோக்கிக் கிடக்கிறான். அப்படம் எண்ணெய் வண்ணத்தால் ஆயது.

1903இல் தைக்கான் முதலிய ஜப்பானிய ஓவியர் கல்கத்தாவுக்கு வந்தனர். தைக்கான் அகன்ற தூரிகையை நீரில் தோய்த்துத் தாளின்மேல் மென்மையாகத் தடவுவார். அதனைக் கண்ட அவனீந்திரர் ஒருபடி மேலே சென்று, படம் முழுவதையுமே நீரில் அமிழ்த்தி எடுத்தார்! தாளில் ஒட்டாத வண்ணம் கரைந்து போயிற்று. ஊறிய வண்ணம் மட்டும் எஞ்சி நின்றது. உலர்ந்தபின் மீண்டும் தீட்டினார், மீண்டும் அமிழ்த்தினார். இவ்வாறு பன்முறை செய்யவே, உருவங்கள் பனித்திரைக்கு அப்பால் நிற்பன போலத் தோன்றின. 1905இல் எழுந்த ‘பாரத மாதா’ இம்முறையில் அமைந்தது. காவியுடுத்த அன்னையின் நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் வெண்துகிலும் செபமாலையும் விளங்குகின்றன, படைக்கலம் ஒன்றுமில்லை. பின்வந்தோர் பலர் கைகளில் இம்முறை வெறும் மங்கலாய் முடிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் நந்தலால் போஸ் போன்ற மாணவர், ஆசிரியரைப் படியெடுக்காமல் தத்தம் வழியே சென்றனர். அவர் மாணவருள் ஒருவரான தேவி பிரசாத் ராய் சௌதுரி சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவரானார். மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே.

1930இல் அவனீந்திரர் அராபிய இரவுக் கதைகளைத் தீட்டினார். பாக்தாத் நகரத்துக் கதைகள்தாம். எனினும் அவற்றில் காண்பது கல்கத்தாத் தெருக்களின் சாயலே. அதன்பின் வண்ணத்தோடு மட்டும் அவர் அமையவில்லை. சிறுவர்க்கென இராமாயணக் கூத்தொன்றைக் கைப்பட எழுதி, செய்தித்தாள்களிலும் விளம்பரங்களிலுமிருந்து கத்தரித்த படங்களை அதன் பக்கங்களில் ஒட்டினார். முறிந்த கிளை, வேர், மரத்துண்டு எது கிடைப்பினும் எடுத்து வைத்துக்கொள்வார். அதனுள் ஒளிந்திருப்பது பறவையா விலங்கா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது திருத்துவார். ‘குட்டும் காட்டாம்’ என்று அவற்றுக்குப் பெயர். 1951இல் மறைந்த அம்முதியவருக்கு, இறுதிக் காலத்தில் இவ்விளையாட்டுப் பொருள்களே உற்ற துணையாயிருந்தன.