தாகூர் வீட்டுப் பாடங்கள்

'ஜன கண மன' நம் நாட்டுப் பண். அதை எழுதியவர் இரவீந்திரநாத் தாகூர். 1913-இல் நோபல் பரிசு பெற்ற பெரிய கவிஞர். அவர் என்ன படித்தார் தெரியுமா? பள்ளிப் படிப்பைக் கூட அவர் முடிக்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நாலு பள்ளிகளில் சேர்த்தார்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை. அவர் கற்றதெல்லாம் பெரும்பாலும் வீட்டில்தான்.

கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் அந்த வீடு இருக்கிறது. இன்று அது காட்சியகம். அன்று பெரிய ஜமீன் குடும்பம் வாழ்ந்த வீடு. தந்தை தேவேந்திரநாத். அவருடைய 14-வது பிள்ளையாக 1861-இல் இரவீந்திரநாத் பிறந்தார். வீட்டில் 'ரவி' என்று கூப்பிட்டார்கள். ரவி, அவனுடைய அண்ணன் சோமேந்திரன், அக்காள் மகன் சத்யபிரசாத் மூவருக்கும் ஒன்றாகவே பாடம் நடந்தது. பள்ளியில் சொல்லித் தந்ததைவிட வீட்டில் சொல்லித் தந்தது அதிகம். பாடத் திட்டத்தைப் போட்டவர் மூன்றாவது அண்ணன் ஹேமேந்திரநாத்.

விடிவதற்கு முன்பே பிள்ளைகளை எழுப்பி விடுவார்கள். முதலில் மல்யுத்தம். கோவணம் கட்டிக்கொண்டு ஒரு பயில்வானோடு மண்ணில் புரள வேண்டும். அது முடிந்ததும் மருத்துவ மாணவர் ஒருவர் காத்திருப்பார். பாட அறையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும். எந்த எலும்புக்கு என்ன பெயர் என்று அவர் கேட்பார். 7 மணிக்கு நீல்கமல் மாஸ்டர் வருவார். ஒரு நிமிடம் கூடப் பிந்த மாட்டார். கணக்கு, வங்காள மொழி, அறிவியல் எல்லாம் அவரிடம்தான். பிறகு குளியல், சாப்பாடு. 10 மணிக்குப் பள்ளிக்கு வண்டி.

மாலை நாலரைக்குத் திரும்பினால் உடற்பயிற்சி ஆசிரியர் நிற்பார். அவர் போனதும் ஓவிய ஆசிரியர். விளக்கு வைத்ததும் ஆங்கில ஆசிரியர் அகோர் பாபு. இத்தனையும் ஒரே நாளில்! இன்று எந்தத் தாயும் தன் பிள்ளையை இப்படிப் பிழிந்தெடுக்க மாட்டாள்.

அகோர் பாபு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாளும் நிற்க மாட்டார். ஒரு நாள் மாலை கொட்டு மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பாடம் தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. இன்று வர மாட்டார் என்று ரவிக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனாலும் சந்தேகம். தெருமுனையைப் பார்த்தபடியே இருந்தான். அங்கே கறுப்புக் குடை ஒன்று திரும்பியது. அவரேதான்!

விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கும். பெரிய அண்ணன் அந்தப் பக்கம் வந்தால் பார்த்து இரக்கப்படுவார். போய்த் தூங்குங்கள் என்று விட்டுவிடுவார். அந்த நொடியே தூக்கம் ஓடிவிடும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. அன்று தாய் சாரதா தேவி பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். மண்ணில் புரண்டு பிள்ளை கறுத்துப் போகிறானே என்று அவருக்குக் கவலை. பாலேடு, பாதாம், ஆரஞ்சுத் தோல் அரைத்துத் தேய்த்து விடுவார். விஷ்ணு என்ற பாடகர் இசை சொல்லித் தருவார்.

சீதாநாத் தத்தர் வந்தால் ரவிக்குக் கொண்டாட்டம். அவர் புத்தகத்தைத் திறப்பதில்லை. செய்து காட்டுவார். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் மரத்தூள் போட்டு, அடியில் தீ வைப்பார். சூடான தண்ணீர் மேலே வரும். குளிர்ந்த தண்ணீர் கீழே போகும். கூடவே மரத்தூளும் ஓடும். உலையில் அரிசி மேலும் கீழும் ஓடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். காரணம் அதுதான். பால் காய்ச்சினால் ஏன் சுண்டுகிறது? அதிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று ரவிக்குப் பெரிய வியப்பு. சீதாநாத் வராத ஞாயிறு அவனுக்கு ஞாயிறாகவே தோன்றாது.

ஹேமேந்திரநாத் செய்த ஒரு காரியத்தைத் தாகூர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைத்தார். அந்தக் காலத்தில் வசதியுள்ள வீடுகளில் எங்கும் ஆங்கில மோகம். இவர் மட்டும், பிள்ளைகள் முதலில் வங்காள மொழியில்தான் கற்க வேண்டும் என்றார். பிறர் சொன்னதைக் கேட்கவில்லை. ரவி படித்த பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தினமும் ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாட வேண்டும். பொருள் யாருக்கும் தெரியாது. வார்த்தைகள் வாயில் உருண்டு உருண்டு வேறு ஏதோ ஆகிவிட்டன. பெரியவரான பிறகு தாகூர் யோசித்துப் பார்த்தார். சில சொற்களைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தாய்மொழியில் கற்றதோ அவரைக் கவிஞர் ஆக்கியது.

ஹேமேந்திரநாத் ஆண் பிள்ளைகளோடு நிற்கவில்லை. வீட்டு மருமகள்களுக்கும் பாடம் சொன்னார். ஞானதானந்தினி தேவி சின்ன வயதில் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தவர். முகத்திரை போட்டபடி மைத்துனர் முன் உட்கார்ந்து படித்தார். மைத்துனர் குரலை உயர்த்தினால் திடுக்கிடுவாராம். அதே மருமகள் 1885-இல் 'பாலக்' என்ற குழந்தைகள் இதழை நடத்தினார். தாகூரின் அக்காள் சுவர்ணகுமாரி தேவியும் வீட்டில் படித்தவர்தான். 1876-இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது.

1873-இல் தந்தை ரவியை இமயமலைக்குக் கூட்டிப் போனார். அப்போது அவனுக்கு 11 வயது. போகும் வழியில் போல்பூர் என்ற ஊரில் தங்கினார்கள். தந்தை தம்முடைய தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டார். கொஞ்சம் பணமும் தந்து கணக்கு வைக்கச் சொன்னார். ரவி சாவியை அதிகமாகத் திருகிவிட்டான். கடிகாரம் பழுதுக்குப் போயிற்று. ஒரு நாள் கணக்குப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிடப் பணம் அதிகமாக இருந்தது! இவனையே கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம் என்று தந்தை கேலி செய்தார். மலையில் விடியும் முன் சமஸ்கிருதம் கற்பித்தார். இரவில் வானத்தைக் காட்டி நட்சத்திரங்களின் பெயர் சொன்னார்.

திரும்பி வந்த பிறகு பள்ளி இன்னும் கசந்தது. கடைசியில் பள்ளியை விட்டே விட்டான். இவன் உருப்பட மாட்டான் என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். மூத்த அக்காள் அதை வாய்விட்டே சொன்னார். அந்த வார்த்தை அவன் மனதில் தங்கிவிட்டது. அப்போதும் வீட்டுப் பாடம் நிற்கவில்லை. ஓர் ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்துக்குப் பொருள் சொல்வார். அதை வங்காளத்தில் எழுதி முடிக்கும் வரை அறையைப் பூட்டி வைப்பார்.

பிற்காலத்தில் தாகூருக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கும் முதலில் வீட்டில்தான் பாடம் நடந்தது. 1901-இல் போல்பூர் அருகே சாந்திநிகேதனில் ஒரு பள்ளி தொடங்கினார். சிறுவனாக அவர் கணக்கு எழுதிய அதே இடம். முதலில் மாணவர்கள் ஐந்து பேர்தான். ஒருவன் அவருடைய மகன். பாடம் மரத்தடியில் நடந்தது. பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.