உயிர் நண்பனுக்கு ஒரு கல்!
துவைக்கிற கல்லாகவும் மடைக் கல்லாகவும் மறைந்து போகும் 2 ஆயிரம் ஆண்டு நினைவுச் சின்னங்கள்
புதுக்கோட்டை மண் சொல்லும் நட்புக் கதை

நண்பன் இறந்து விட்டான். அவன் பெயர் அழியக் கூடாது. என்ன செய்வது?

"ஒரு சிலை வைப்போம்" என்பார் ஒருவர். "மார்பளவு போதுமப்பா, பணம் தாங்காது" என்பார் இன்னொருவர். டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, நோட்டுப் போட்டு வசூல் செய்வது வரை போகும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. தமிழன் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவனுக்குக் கல் எடுத்தவன். அதற்குச் சாட்சி புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடைத்து இருக்கிறது.

கணங்குமரன் கல்

புதுக்கோட்டை நகரில் இருந்து கிழக்கே சுமார் 6 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது பொற்பனைக்கோட்டை. வட்ட வடிவ மண் கோட்டை. சுற்றிலும் அகழி. சுமார் 45 ஏக்கர் பரப்பு. ஆடு மாடு மேயும் மேடாகத்தான் ஊர்க்காரர்கள் அதை நீண்ட காலம் பார்த்து வந்தார்கள்.

2012-ம் ஆண்டு இங்கே ஒரு கல் கண்டுபிடிக்கப்பட்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் அதைப் படித்தார்கள். அதில் இருந்தது தமிழ் பிராமி எழுத்து. இன்றைய தமிழ் எழுத்துக்கு மூத்த எழுத்து அது.

மாடு பிடிச் சண்டையில் மாண்ட கணங்குமரன் என்பவனுக்காக நட்ட கல் அது என்று தெரிய வந்தது. விண்ணகோன் என்ற தலைவனின் பெயரும் அதில் இருக்கிறது. கல்லின் வயது சுமார் 1,800 ஆண்டு!

அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். "மாடு" என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. ஒரு ஊர் மாட்டை இன்னொரு ஊர் ஓட்டிக் கொண்டு போகும். மீட்கப் போனவர்களில் சிலர் திரும்பி வர மாட்டார்கள். வராதவனுக்கு, கூடப் போனவர்கள் சேர்ந்து கல் நடுவார்கள். அதுதான் நடுகல்.

கணங்குமரன் எப்படி இருப்பான், கறுப்பா சிவப்பா, யாருக்கும் தெரியாது. அவன் வீடு இல்லை, வாசல் இல்லை. ஆனால் பெயர் மட்டும் நின்று விட்டது.

இதே கோட்டையில் 2023-ம் ஆண்டு தமிழக அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. தங்க மூக்குத்தி கூடக் கிடைத்தது. மூக்குத்தி போட்டவள் பெயர் தெரியவில்லை. கல்லில் எழுதப்பட்டவன் பெயர் தெரிகிறது!

ஒல்லையூர் எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் நட்புக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு.

சங்க நூலான புறநானூற்றில் ஒல்லையூர் என்று ஒரு ஊர் வருகிறது. அது இந்த மாவட்டத்தில் உள்ள ஒலியமங்கலம்தான் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள்.

இந்த ஒல்லையூரை வென்று பாண்டிய நாட்டோடு சேர்த்தவன் பூதப்பாண்டியன். போருக்குப் புறப்படும்போது அவன் ஒரு சபதம் போட்டான். "எதிரிகளை வெல்லாவிட்டால் எனக்கு இன்ன இன்ன தண்டனை வரட்டும்" என்று தனக்குத் தானே சாபம் கொடுத்துக் கொண்டான்.

அதில் ஒரு தண்டனை என்ன தெரியுமா? நண்பர்களோடு கூடிச் சிரித்துப் பேசும் சுகம் போகட்டும் என்பது! மாவன், ஆந்தை, அந்துவன் சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் என்று 5 நண்பர்களின் பெயரையும் அவனே சொல்கிறான். மனைவியைப் பிரிவதையும், நண்பர்களைப் பிரிவதையும் ஒரே தட்டில் வைத்தான் அந்த ராஜா.

அதே ஒல்லையூரில் சாத்தன் என்று ஒரு தலைவன் இருந்தான். அவன் செத்த பிறகு குடவாயிற் கீரத்தனார் என்ற புலவர் அந்த ஊருக்கு வந்தார். முல்லைப் பூ பூத்துக் குலுங்குகிறது. புலவருக்குப் பொறுக்கவில்லை. சூட ஆள் இல்லாத ஊரில் நீ எதற்குப் பூத்தாய் என்று பூவிடம் கேட்டு விட்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும்.

கல்லே இடம் கொடுத்தது

நண்பனுக்கு நட்ட கல் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் கோப்பெருஞ்சோழன். ஊர் உறையூர். புதுக்கோட்டையில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர். இன்றைய திருச்சியின் ஒரு பகுதி.

பெற்ற பிள்ளைகளே அவன் மீது படை எடுத்து வந்தார்கள். மனம் வெறுத்த சோழன் வடக்கு நோக்கி உட்கார்ந்து, சாப்பிடாமல் உயிர் விடத் துணிந்தான். இதற்கு "வடக்கிருத்தல்" என்று பெயர்.

அப்போது பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாருக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை! "எங்கே வரப் போகிறார்?" என்று சுற்றி இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அவர் வந்தார். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை விட்டார்.

பொத்தியார் என்ற இன்னொரு நண்பர் கதை இதை விட உருக்கம். அவரும் கூடவே உட்காரத் துடித்தார். "உன் மனைவி பிள்ளை உண்டாகி இருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகு வா" என்று சோழன் திருப்பி அனுப்பி விட்டான்.

குழந்தை பிறந்தது. பொத்தியார் ஓடி வந்தார். அங்கே நண்பன் இல்லை. நடுகல்தான் இருந்தது. "என் இடம் எது?" என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கேட்டார். கல்லாகி நின்ற பிறகும் நண்பன் தனக்கு இடம் கொடுத்தான் என்று பாடி விட்டு, அவரும் அங்கேயே உயிர் நீத்தார்.

அவ்வையார் கதை வேறு மாதிரி. வள்ளல் அதியமான் இறந்ததும் அவனுக்குக் கல் நட்டார்கள். மயில் இறகு சூட்டினார்கள். சின்னக் கிண்ணத்தில் கள் வார்த்தார்கள். அவ்வைக்கு அழுகையோடு ஒரு ஆற்றாமை. மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வேண்டாம் என்றவன், இந்தக் கிண்ணத்தையா வாங்கிக் கொள்ளப் போகிறான் என்று கேட்டார்.

சிலை வைத்தால் மட்டும் துக்கம் தீர்ந்து விடாது என்பதையும் அன்றே சொல்லி விட்டார்கள்.

திருக்கோவிலூரில் பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை உண்டு. பெயர் கபிலக்கல். நண்பன் பாரி இறந்த பிறகு, அவன் மகளை மணம் செய்து கொடுத்து விட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டே இதைச் சொல்கிறது.

கல் நட 6 சடங்கு

சும்மா ஒரு கல்லைத் தூக்கி வந்து நட்டு விட முடியாது. தொல்காப்பியம் அதற்கு 6 படிகள் சொல்கிறது.

முதலில் நல்ல கல்லாகப் பார்ப்பது, காட்சி. அதை எடுத்து வேலையைத் தொடங்குவது, கால்கோள். தண்ணீரில் நனைத்துத் தூய்மை செய்வது, நீர்ப்படை. நடுவது, நடுகல். படையல் போட்டுச் சிறப்புச் செய்வது, பெரும்படை. கடைசியில் வாழ்த்து.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுத்ததும் இந்த வரிசையில்தான். இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நனைத்துக் கொண்டு வந்தான் என்கிறது சிலப்பதிகாரம்.

மிகப் பழைய நடுகற்கள் சிலவற்றில் உருவமே கிடையாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கற்களில் வெறும் எழுத்துதான். வில்லும் வாளுமாக வீரனைச் செதுக்குவது பிறகு வந்தது.

மனிதனுக்கு மட்டும்தான் கல்லா? இல்லை! திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது. நாயின் பெயர் கோவிவன். எஜமான் செத்து விழுந்த பிறகும், 2 திருடர்களைக் கடித்து அவனுக்குக் காவல் இருந்ததாம். எஜமான் உருவத்துக்குப் பக்கத்திலேயே அதன் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் எழுதி வைத்தார்கள்.

அண்ணா திறந்த சிலை

இந்தக் காலத்தில் நண்பனுக்காக நடந்த சிலை விழா என்றால், சென்னை தியாகராய நகர் கலைவாணர் சிலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அண்ணாவும் நெருங்கிய நண்பர்கள். அண்ணா கதை எழுத, 1949-ல் கலைவாணர் "நல்லதம்பி" படத்தை எடுத்தார்.

1957 தேர்தலில் காஞ்சீபுரத்தில் அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். பிரசாரத்துக்கு வந்த கலைவாணர் அந்த டாக்டரை வானளாவப் புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்தது. "இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பி விட்டால், உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? அவரை இங்கேயே வைத்துக் கொள்ளுங்கள், அண்ணாவை அங்கே அனுப்புங்கள்" என்கிற பாணியில் முடித்தார் என்று சொல்வார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி கலைவாணர் மறைந்தார். வயது 48.

11 ஆண்டு கழித்து, 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் அன்று அவரது சிலையை முதல்-அமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். முந்திய ஆண்டுதான் அமெரிக்காவில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து கொண்டு திரும்பி இருந்தார். உடம்பு தளர்ந்து போய் இருந்தது. ஆனாலும் வந்தார். அவர் கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான் என்று கூறப்படுகிறது. 20 நாளில், பிப்ரவரி 3-ந் தேதி அண்ணாவும் மறைந்தார்.

மூக்கு சரி இல்லை!

இன்று சிலை செய்வது எப்படி?

போட்டோவைப் பார்த்து முதலில் களிமண்ணில் மாதிரி செய்வார்கள். இந்தக் கட்டத்தில்தான் வீட்டாரையும் நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "மூக்கு இப்படி இருக்காது", "அவரு சிரிச்சா கன்னம் உப்பும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி விட வேண்டும். வார்ப்பு முடிந்த பிறகு மூக்கைத் திருத்துவது லேசில் முடிகிற காரியம் அல்ல.

மாதிரி சரி என்றதும் அச்சு எடுப்பார்கள். வெண்கலச் சிலை என்றால் மெழுகில் உரு எடுத்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி சிலை வார்ப்பதும் மெழுகை வைத்துத்தான். கல் சிலை என்றால் உளி வேலை. ஒரு சில்லு தவறிப் பெயர்ந்தால் ஒட்ட முடியாது.

ரோட்டில் வைக்க முடியாது

சிலை தயார். எங்கே வைப்பது?

"நாலு ரோடு சந்திப்பில் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்" என்று ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பொது ரோடு, நடைபாதை, பொது உபயோக இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பொது இடங்களில் உள்ள சிலைகளை அகற்றி, தனிப் பூங்கா அமைத்து வைக்கும்படி 2021-ல் சென்னை ஐகோர்ட்டும் உத்தரவிட்டது.

எனவே வசூலுக்கு இறங்கும் முன்பே இடத்தை முடிவு செய்வது நல்லது. சொந்த நிலம், சங்கக் கட்டிடம் என்று பார்த்துக் கொண்டால் பின்னால் தலைவலி இல்லை. பாடுபட்டு வைத்த சிலை, சாக்குப் போட்டு மூடிய கோலத்தில் நிற்பதைப் பார்ப்பது நண்பர்களுக்கு இரண்டாவது சாவு.

இனி என்ன?

புதுச் சிலைக்கு ஆயிரம் யோசனை. பழைய கல்லுக்கு?

குளத்தங்கரையில் துணி துவைக்கிற கல்லாகவும், ஏரி மடையில் முட்டுக் கொடுத்த கல்லாகவும், வேலிக் கம்பமாகவும் நடுகற்கள் கிடப்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள கதை. தினமும் சோப்பு போட்டுத் தேய்த்தால் எழுத்து எத்தனை நாள் தாங்கும்? ரோடு போடும்போது புல்டோசரில் புரட்டி உடைத்து விட்டால், ஒருவனுடைய பெயரே உலகத்தில் இருந்து போய் விடும்.

சில ஊர்களில் வேறு மாதிரி. "வேடியப்பன்", "வீரன்" என்று சாமியாகவே கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசிப் பொட்டு வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். நடுகல்லை அதிகம் காப்பாற்றியது இந்தப் பக்திதான்.

எழுத்தோ உருவமோ உள்ள கல் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இதுதான். இடம் மாற்றக் கூடாது. பெயிண்டு அடிக்கக் கூடாது. உளியால் சுரண்டிப் பார்க்கக் கூடாது. கிராம நிர்வாக அதிகாரியிடமோ, தாசில்தாரிடமோ தகவல் சொல்ல வேண்டும். திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மன்னர் ஆட்சிக் காலத்தில், 1910-ல் தொடங்கப்பட்டது. அங்கேயும் சொல்லலாம்.

1,800 வருஷத்துக்கு முன்னால் கணங்குமரனைப் பறிகொடுத்தவர்களிடம் போட்டோ இல்லை, வெண்கலம் இல்லை. ஒரு கல்லும், பெயரை வெட்ட ஒரு உளியும்தான் இருந்தன. அந்தப் பெயரை இன்று படிக்க முடிகிறது.

அடுத்த கணங்குமரன் எந்தக் குளத்தங்கரையில், எந்தத் துணிக்கு அடியில் கிடக்கிறானோ!