8 நிமிடம் 59 நொடி

அமெரிக்காவில் நகராட்சிகளும், ஏறக்குறைய நம் மாவட்டத்துக்கு நிகரான கவுன்டிகளும் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தங்களில் ஓர் எண் அடிக்கடி தட்டுப்படும்: 8 நிமிடம் 59 நொடி. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் நூற்றுக்கு 90-க்காவது அந்த நேரத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். தவறினால் அபராதம். மாதக்கணக்கில் தவறிக்கொண்டே இருந்தால் ஒப்பந்தமே பறிபோகும்.

இதற்காக நகரம் கம்பெனிக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்தால், பல ஊர்களில் ஒரு காசும் இல்லை. அது கொடுப்பது ஏகபோகம். இந்த எல்லைக்குள் 911-ஐ அழைப்பவர்களிடம் இந்தக் கம்பெனியின் வண்டி மட்டும்தான் போகும், வேறு எவரும் போகக் கூடாது என்ற உரிமை. போட்டி இருந்தால்தான் விலை குறையும், தரம் உயரும் என்று உலகத்துக்கே பாடம் நடத்தும் நாடு, ஆம்புலன்ஸ் என்று வந்ததும் ஊரையே ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறது. ஏன் என்பதற்கான விடை அரசியலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி கணிதத்தில் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் அதிசயம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் சுமார் பாதியை நடத்திவந்தவர்கள் இறுதிச் சடங்குத் தொழில் செய்யும் 12,000 பேர் என்று அதில் எழுதியிருந்தார்கள். காரணம் சாதாரணமானது. ஓர் ஆளைப் படுத்த வாக்கில் ஏற்றிச் செல்லத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. சவப்பெட்டி ஏற்றும் வண்டியே அவசரத்துக்கு ஆம்புலன்ஸாகவும் ஓடியது. நோயாளி பிழைத்தாலும் வரவு, போனாலும் வரவு என்று அன்றைக்கே யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

அந்த அறிக்கைக்குப் பிறகு வண்டிக்கும் ஊழியர் பயிற்சிக்கும் விதிகள் வந்தன. செலவு ஏறியது. இறுதிச் சடங்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்த இடத்துக்குச் சில ஊர்களில் தீயணைப்புத் துறை வந்தது, சில ஊர்களில் மருத்துவமனை வந்தது, பல ஊர்களில் சிறிய தனியார் கம்பெனிகள் வந்தன. போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டு, விபத்து நடந்த இடத்துக்கு யார் முதலில் போவது என்று பந்தயம் ஓட்டுவதும் கூடவே வந்தது. வசதியான பகுதியில் ஒரே விபத்துக்கு இரண்டு வண்டி வந்து நிற்கும். பில் கட்ட வழியில்லாதவர்கள் வாழும் பகுதியில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

சந்தை இங்கே சறுக்கியதில் ஆச்சரியமில்லை. நினைவிழந்து கிடப்பவர் விலை விசாரிக்க மாட்டார். போன முறை வந்த கம்பெனி சரியில்லை, இந்த முறை வேறு கம்பெனியைக் கூப்பிடுவோம் என்று சொல்லும் அளவுக்கு யாரும் அடிக்கடி ஆம்புலன்ஸில் போவதில்லை. வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் திறன் இல்லாத இடத்தில் விற்பவர்களின் போட்டி யாருக்கும் பயன்படாது.

1970-களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஜாக் ஸ்டவுட் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைக் கையில் எடுத்தார். போட்டி தெருவில் நடக்க வேண்டாம், டெண்டரில் நடக்கட்டும் என்பது அவர் யோசனை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்பெனிகள் மோதட்டும். வென்றவருக்கு ஊர் முழுவதும். ஏழைப் பகுதியும் பணக்காரப் பகுதியும் சேர்த்துத்தான், பிரித்துப் பொறுக்க முடியாது. 1977-ல் டல்சா நகரம் இந்த வழியில் இறங்கியது. கான்சாஸ் சிட்டி உட்பட வேறு சில நகரங்களும் பின்னால் வந்தன.

இதற்கு அடியில் இருக்கும் கணக்கு இன்னும் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணிதர், எத்தனை இணைப்புகள் வைத்தால் எத்தனை அழைப்புகள் 'பிஸி' ஆகித் திரும்பும் என்பதற்கு 1917-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். அழைப்புகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சராசரியாக எத்தனை வரும் என்று தெரியும். அது போதும், மீதியைச் சூத்திரம் சொல்லிவிடும். தொலைபேசிக் கம்பிக்குப் பதில் ஆம்புலன்ஸ் என்று வைத்தாலும் சூத்திரம் கவலைப்படாது.

ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். மணிக்குச் சராசரியாக 4 அவசர அழைப்புகள். ஒவ்வொன்றும் ஒரு வண்டியை ஒரு மணி நேரம் பிடித்துவைக்கும். ஊரில் 10 ஆம்புலன்ஸ்கள், எல்லாம் ஒரே கம்பெனியின் கையில். ஓர் அழைப்பு வரும்போது பத்தும் வெளியே போயிருக்கும் வாய்ப்பு என்ன? எர்லாங் சூத்திரத்தில் போட்டால் சுமார் 188-ல் ஒன்று.

இப்போது அதே ஊர், அதே 10 வண்டி. ஆனால் இரண்டு கம்பெனிகள், ஆளுக்கு 5. அழைப்புகளும் சரிபாதி. ஒருவருக்கொருவர் கைகொடுப்பதில்லை. வண்டி இல்லை என்று கையை விரிக்கும் வாய்ப்பு இப்போது 27-ல் ஒன்று. ஒரு வண்டியும் குறையவில்லை, ஓர் அழைப்பும் கூடவில்லை. நடுவில் ஒரு கோடு கிழித்ததற்கே ஆபத்து ஏழு மடங்கு. ஒரு கம்பெனியின் ஐந்தும் தெருவில் திண்டாடும்போது அடுத்த கம்பெனியின் ஐந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ரயில் நிலைய முன்பதிவில் தனித்தனி வரிசைகளைவிட எல்லாக் கவுன்டர்களுக்கும் ஒரே வரிசை நல்லது என்பதும் இதே கணக்குத்தான். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் ஆளுக்கு 7 வண்டி வேண்டும். மொத்தம் 14. அந்தக் கூடுதல் நான்கு வண்டிகளின் செலவு கடைசியில் நோயாளியின் பில்லில்தான் வந்து விழும். இங்கே போட்டி விலையைக் கூட்டுகிறது.

தூரத்துக்கும் ஒரு விதி உண்டு. பீட்டர் கோலசார், எட்வர்ட் ப்ளம் என்ற இருவர் நியூயார்க் தீயணைப்பு வண்டிகளை ஆராய்ந்து 1973-ல் வெளியிட்டது அது. மிக அருகில் காலியாக இருக்கும் வண்டிக்கும் சம்பவ இடத்துக்கும் உள்ள சராசரித் தூரம், வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். அதாவது தூரத்தைப் பாதியாக்க வண்டிகளை இரண்டு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் சீக்கிரம் வந்தால் என்ன என்று நகர்மன்றத்தில் கேட்பது எளிது. அந்த ஒரு நிமிடம் எத்தனை வண்டியாகும், எத்தனை ஷிப்ட் சம்பளமாகும் என்பதை இந்த வர்க்கமூலம்தான் தீர்மானிக்கிறது.

கணக்கு ஒத்துக்கொண்டாலும் சட்டம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம், கேபிள் டி.வி. கம்பெனி ஒன்றின் விரிவாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து நகராட்சிக்குத் தானாக விலக்குக் கிடையாது என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. கேபிள் டி.வி.க்குச் சொன்ன தீர்ப்பு ஆம்புலன்ஸ் ஒப்பந்தங்களை எல்லாம் கலங்கடித்தது. மறு ஆண்டே கான்சாஸ் சிட்டியின் ஒற்றைக் கம்பெனி ஏற்பாடு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தப்பியது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதே காரணம். கலிபோர்னியா 1984-ல் தன் சட்டத்தைத் திருத்தியது. உள்ளாட்சி தனியுரிமைப் பகுதிகளை வகுக்கலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெளிப்படையாக டெண்டர் விட வேண்டும். 1981 ஜனவரி 1-லிருந்து மாறாமல் ஓட்டிவரும் கம்பெனிகளுக்கு மட்டும் டெண்டர் தேவையில்லை. இந்தப் பழைய பங்காளிச் சலுகையை வைத்து அங்கே இன்னும் வழக்குகள் ஓடுகின்றன.

ஒப்பந்தம் எழுதுவதும் ஒரு கலைதான். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? அழைப்பை எடுத்த நொடியிலா, வண்டிக்குத் தகவல் போன நொடியிலா? எப்போது நிற்கிறது? வழக்கமாக, வண்டியின் சக்கரம் அந்த முகவரியில் நின்றதும். நோயாளி பன்னிரண்டாவது மாடியில் இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் யார் கணக்கிலும் வராது. சராசரி நேரம் என்று எழுதினால் கம்பெனிக்குக் கொண்டாட்டம்: மூன்று நிமிடத்தில் போன பத்து அழைப்புகள், அரை மணி தாமதமான ஒன்றை மறைத்துவிடும். அதனால்தான் '90 சதவீதம்'. ஊர் முழுவதற்கும் ஒரே 90 என்று எழுதினாலும் ஓட்டை விழும். நெரிசலான நகர மையத்தில் மதிப்பெண்ணைக் குவித்துவிட்டு ஊர்க்கோடியைக் கைவிடலாம். ஆகவே ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாக அளக்கிறார்கள். கம்பெனி திடீரென்று கடையைக் கட்டிவிட்டால்? ஸ்டவுட்டின் ஏற்பாட்டில் வண்டிகளும் கருவிகளும் பொது அதிகார அமைப்பின் பிடியிலேயே இருக்கும். ஆட்கள் மட்டும் கம்பெனியுடையவர்கள். இரவோடு இரவாகக் கம்பெனி மாறினாலும் காலையில் அதே வண்டி ஓடும்.

நேரத்தைப் பிடிக்கக் கம்பெனிகள் கண்ட வழி, வண்டியை நிலையத்தில் நிறுத்தாமல் தெருமுனையில் நிறுத்துவது. இதற்கும் ஸ்டவுட்தான் 1983-ல் கட்டுரை எழுதி வழி காட்டினார். எந்த நாள், எந்த மணியில், எங்கிருந்து அழைப்பு வரக்கூடும் என்று பழைய பதிவுகளைப் பார்த்துக் கணித்து, காலி வண்டிகளை அங்கங்கே நகர்த்துவார்கள். ஒரு வண்டி அழைப்புக்குக் கிளம்பினால் மற்றவை நகர்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். திரையில் பார்க்க அழகு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு 12 மணி நேரம் அதே இருக்கை, முதுகு வலி, கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க். பாராமெடிக்குகள் இந்த முறையைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த எட்டு எங்கிருந்து வந்தது? சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில், இதயத் துடிப்பு நின்றுபோனவர்களை மிக்கி ஐசன்பர்க் குழுவினர் ஆராய்ந்து 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். 4 நிமிடத்துக்குள் யாராவது நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கி, 8 நிமிடத்துக்குள் உயர்நிலைச் சிகிச்சையும் கிடைத்தவர்களில் 43 சதவீதம் பேர் பிழைத்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் நான்கை விட்டுவிட்டு எட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதைத் தொடாதவரை எட்டுதானே என்று 59 நொடி சில்லறையும் சேர்ந்துகொண்டது.

2002-ல் இரண்டு ஆய்வுகள் இதைச் சோதித்தன. டென்வரில் விபத்துக் காயக்காரர்களைப் பார்த்தபோது, 8 நிமிடத்துக்கு முன்னால் வண்டி வந்ததற்கும் பின்னால் வந்ததற்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தென்படவில்லை. சார்லட் நகரத்துக் கவுன்டியில், 5 நிமிடத்துக்குள் வந்தால்தான் பலன் தெரிந்தது. ஆக, இதயம் நின்றவருக்கு எட்டு நிமிடம் தாமதம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது அநாவசிய அவசரம். இருந்தும் அந்த எண் ஒப்பந்தங்களைவிட்டு எளிதில் போகாது, ஏனென்றால் அபராதம் போட அளக்கக்கூடிய ஏதோ ஒன்று வேண்டும். காப்பாற்றிய உயிரைவிட நின்ற சக்கரத்தை எண்ணுவது சுலபம்.

பணம் வரும் வழியும் கோணலானது. முதியோருக்கான மெடிகேர் ஓர் அட்டவணைப்படி கொடுக்கும், ஏழைகளுக்கான மெடிகெய்ட் பெரும்பாலும் அதற்கும் குறைவாகக் கொடுக்கும். நோயாளியை ஏற்றாமல் திரும்பினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. காத்திருப்பதற்குச் சம்பளம் உண்டு, வருமானம் கிடையாது. துண்டு விழுவதைத் தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களிடமிருந்து கறக்க வேண்டும். எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் 2022-ல் அமலானது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அதில் உண்டு, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் இல்லை. கலிபோர்னியா 2024 ஜனவரியிலிருந்து அந்த ஓட்டையைத் தன் அளவில் அடைத்தது. உடன்பாடு இல்லாத கம்பெனியின் வண்டி வந்தாலும், உள்ளாட்சி அங்கீகரித்த கட்டணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டும். நோயாளி தன் வழக்கமான பங்கை மட்டும் கட்டினால் போதும்.

டெண்டரில் கொடுத்த வாக்குறுதி எப்போதும் தெருவுக்கு வருவதில்லை. சான் டியேகோ 2021-ல் ஃபால்க் நிறுவனத்திடம் சேவையை ஒப்படைத்தது. எர்லாங்கின் அதே கோபன்ஹேகனில் 1906-ல் தொடங்கிய நிறுவனம் அது. வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் அது திணறியது. 2023-ல் ஒப்பந்தத்தை மாற்றி, வண்டிகளை எங்கே நிறுத்துவது, யாருக்கு பில் போடுவது என்ற இரண்டையும் நகரமே எடுத்துக்கொண்டது. கம்பெனி ஆட்களோடு வண்டியைக் கொடுத்தால் போதும். ஸ்டவுட் வரைந்ததற்கு வெகு அருகே வந்துவிட்டார்கள்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய கணக்கு உடையும் இடம் ஒன்று உண்டு: மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல். உள்ளே படுக்கை காலியில்லை என்றால் ஸ்ட்ரெச்சரோடு சுவரோரம் நிற்க வேண்டும். நோயாளியை ஒப்படைக்கும்வரை பாராமெடிக் கிளம்ப முடியாது. நம் கற்பனை ஊரில் ஒவ்வோர் அழைப்புக்கும் இப்படி அரை மணி கூடினால் என்ன ஆகும் என்று எர்லாங்கிடமே கேட்கலாம். பத்து வண்டியும் ஒரே கையில், அதே நான்கு அழைப்பு. ஆனால் 188-ல் ஒன்று என்பது 23-ல் ஒன்றாகிவிடுகிறது. ஊரை இரண்டாகப் பிரித்திருந்தால் வந்திருக்கும் நிலையைவிட மோசம். கலிபோர்னியா 2023-ல் இயற்றிய சட்டப்படி, நூற்றுக்கு 90 நோயாளிகளை 30 நிமிடத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உள்ளாட்சிகள் அளவுகோல் வைக்க வேண்டும். ஆனால் கவுன்டியின் ஒப்பந்தம் ஆம்புலன்ஸ் கம்பெனியோடுதான். மருத்துவமனைக்கு உரிமம் வழங்குவது மாநில அரசு.