மட்டக்குதிரை கற்றுத் தந்த பாடம்



இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் அனுபவங்களை ஊரிலிருந்து என் தங்கை அனுப்பி வைப்பாள். ஒன்று விடாமல் படிப்பேன். மாமியார் மருமகள், பிள்ளைகள் படிப்பு, மாவடு ஊறுகாய் என்று எல்லாம் எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது குதிரை சமாச்சாரம். 'நமக்கு எதுக்குங்க குதிரை?' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம் ஒரு கிராமம். ஆடி மாதம் குருநாதசாமி கோவில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் அப்பிச்சியின் தோளில் உட்கார்ந்து அந்தச் சந்தையைப் பார்த்திருக்கிறேன். கிட்டே போய்த் தொட ஆசையாக இருக்கும். "பொட்டப்புள்ளைக்குக் குதிரை எதுக்குங் கண்ணு? உதைச்சுப் போடும்" என்பார் அப்பிச்சி. அதோடு சரி.

வளர்ந்த பிறகு வேறு கவலை வந்தது. என் உயரம் நாலு அடி பத்து அங்குலம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காபி குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கட்டைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பெரிதாக நினைக்காமல் 2000-ல் என்னைக் கட்டிக் கொண்டவர் என் கணவர். டாக்டர். 2002-ல் அவருக்கு வேலை கிடைத்து இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயருக்கு வந்தோம். 2004-ல் மகள் பிறந்தாள். சமையல், துணி, அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருவது என்று என் நாட்கள் ஓடின.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பண்ணை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்து வெல்ஷ் இன மட்டக்குதிரைகளை வளர்க்கிறார். தினமும் நடக்கப் போகும்போது வேலி ஓரம் நின்று காரட் கொடுப்பேன். 2017-ல் ஒருநாள் அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் எடை என்ன, லவ்?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்ம ஊர் 'கண்ணு' மாதிரி. 43 கிலோ என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது!

காரணம் பிறகுதான் புரிந்தது. மட்டக்குதிரையின் முதுகு சிறுபிள்ளைகளுக்குத்தான் ஏற்றது. ஆனால் பழக்கப்படாத இளங்குதிரை மேல் பிள்ளைகளை ஏற்ற முடியாது, தூக்கி எறிந்துவிடும். பெரியவர்கள் ஏறினால் பாரம் தாங்காது. சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது இங்கே பொதுவான கணக்கு. அதனால் எடை குறைந்த, குள்ளமான பெரியவர்களுக்கு இந்தத் தொழிலில் நல்ல மரியாதை. ஊரில் என்னைக் கழித்துக் கட்டிய குள்ளம், இங்கே என் தகுதி ஆகிவிட்டது. நாற்பது வயதில் அங்கவடியில் கால் வைத்தேன். பல தடவை விழுந்தேன். என் கணவர், "இடுப்பை ஒடிச்சுக்காதே, நான் எலும்பு டாக்டர் இல்லை" என்று சிரிப்பார்.

2019-ல் அந்தப் பண்ணையில் ஒரு பெட்டைக் குட்டி பிறந்தது. பிறக்கும்போது கறுப்பு. வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற நரைத்து வெளுக்கும். பண்ணையில் அவளுக்கு நீளமாக ஒரு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வைத்த பேர் வெள்ளச்சி. வளர்ந்து 13 கை உயரம் ஆனாள். குதிரையைக் 'கை' கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு கை என்றால் நாலு அங்குலம். மூன்று வயதில் மெல்ல மெல்ல அவள் மேல் ஏறி உட்காரப் பழக்கினோம். நாலு வயது நிறையும் ஆண்டில்தான் சவாரிப் போட்டியில் காட்டலாம்.

குதிரை உருவத்தில் பெரிசாக இருந்தாலும், புலி சிங்கத்துக்கு இரையான ஜாதி. பயம் வந்தால் ஓடு என்பதுதான் அதன் ரத்தத்தில் இருக்கிறது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும். ஏறியவளின் தொடை இறுகினாலும், மூச்சு நின்றாலும் அதற்குத் தெரிந்துவிடும். நாம் பயந்தால் அது இரண்டு பங்கு பயப்படும்.

அதனால் கூட்டத்துக்குக் கொண்டு போகும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். குடையை விரித்து மூடிக் காட்டுவது, பிளாஸ்டிக் சாக்கைத் தரையில் போட்டு அதன் மேல் நடக்க விடுவது, லாயத்தில் ரேடியோ வைப்பது, இதெல்லாம் வழக்கம். நான் என் பங்குக்கு எங்கள் கல்யாணத்து நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன். முதல் நாள் கெட்டிமேளத்துக்கு வெள்ளச்சி மூலையில் போய் ஒட்டிக் கொண்டாள். பத்தாம் நாள் தவில் முழங்கும்போது வைக்கோல் மென்றுகொண்டு நின்றாள்! அதன் பிறகு சின்னச் சின்ன கிராமத்துப் போட்டிகளுக்கு அழைத்துப் போனோம். சும்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவதுதான் முதல் பாடம்.

2023 ஜூலையில் பெரிய நாள் வந்தது. ஹாரோகேட் நகரில் நடக்கும் கிரேட் யார்க்‌ஷயர் ஷோ. 1838-ல் தொடங்கிய விவசாயக் கண்காட்சி. இப்போது நாலு நாள் நடக்கிறது. மாடு, ஆடு, பன்றி, பாலாடைக்கட்டி, குதிரை என்று எல்லாவற்றுக்கும் போட்டி. ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் வரும். நம்ம அந்தியூர்ச் சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள்.

முந்தின நாள் வெள்ளச்சிக்குக் குளிப்பாட்டு. வெள்ளைச் சட்டைக்காரக் குழந்தை மாதிரி, குளிப்பாட்டி விட்டதும் சாணியில் படுத்துப் பச்சைக் கறையோடு எழுந்தாள். வாலுக்குச் சொட்டு நீலம் போட்டு அலசினேன். பண்ணைக்கார அம்மா அசந்துவிட்டார். அவருடைய தாயாரும் அந்தக் காலத்தில் குதிரை வாலுக்கு நீலம் போடுவாராம்!

காலையில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளும் துணைக்கு வந்தாள். வெள்ளச்சியின் வாலில் பச்சை ரிப்பன் கட்டச் சொன்னேன். இங்கே குதிரை வாலில் சிவப்பு ரிப்பன் இருந்தால் 'இது உதைக்கும்' என்று அர்த்தம். பச்சை இருந்தால் 'இது இளசு, அனுபவம் போதாது, கொஞ்சம் விலகிப் போங்கள்' என்று அர்த்தம். பழகும் திடலில் எல்லோரும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ரிங்குக்குள் போகும் முன் மகள் அதை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக் கொண்டாள்.

நான் கம்பளிக் கோட்டு, டை, தலைக்கவசம், முதுகில் நம்பர் அட்டை. புடவை கட்டிய இடுப்புக்கு இப்படி ஒரு வேஷம்! பன்னிரண்டு பேர் வரிசையாக உள்ளே போனோம். நடுவர் நடுவில் நின்று பார்ப்பார். முதலில் நடை, அப்புறம் ஓட்டம், பிறகு பாய்ச்சல். நடை நன்றாகவே போனது. ஓட்டத்துக்கு மாறி ஒரு மூலை திரும்பியதுதான் தாமதம், பக்கத்து ரிங்கில் யாரோ ஜெயித்துவிட 'ஹோ' என்று ஒரே கைதட்டல். வேலி ஓரம் ஒரு குழந்தையின் தள்ளுவண்டிக் குடையும் காற்றில் படபடத்தது.

வெள்ளச்சி கல்லாகிவிட்டாள். தலை வானத்தைப் பார்த்தது. காது இரண்டும் விறைத்தன. என் கால்களுக்கு நடுவில் அவள் நெஞ்சு அடிப்பது எனக்கே தெரிந்தது. மற்ற குதிரைகள் எங்களைத் தாண்டிப் போயின. எல்லாக் கண்ணும் எங்கள் மேல். மானம் போகிறதே என்று எனக்குக் குப்பென்று வியர்த்தது. கையில் குச்சி இருந்தது. ஒன்று போட்டால் நகர்வாள் என்று கை ஓங்கியும்விட்டது.

அப்போதுதான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளின் முகம் கண்ணில் பட்டது.

2012-ல் அவளுக்கு எட்டு வயது. எங்கள் ஊர்த் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில் முதல் தடவையாகப் பாட ஏறினாள். மைக்கைப் பார்த்ததும் வாய் திறக்கவில்லை. அப்படியே கல்லாக நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரமாக நின்று "பாடுடி" என்று பல்லைக் கடித்தேன். இறங்கி வந்ததும் நாலு பேர் எதிரில், "என் மானத்தை வாங்கிட்டியே" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. பாட்டையே விட்டுவிட்டாள். அவளுக்கு வராது என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தேன்.

ஓங்கிய கையைத் தாழ்த்தினேன். லகானைத் தளர்த்தினேன். மூச்சை நீளமாக விட்டேன். பிடரிக்குக் கீழே முதுகு தொடங்கும் இடத்தில் விரலால் மெல்லச் சொறிந்தேன். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து கொடுத்துக் கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் மனசு ஆறும். "ஒண்ணுமில்லைங் கண்ணு, நானிருக்கறேன்" என்று தமிழில் பேசினேன். எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. வெள்ளச்சி 'புர்ர்' என்று மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். தலை இறங்கியது. நாக்கால் உதட்டை நக்கிக் கொண்டாள். தானாகவே ஒரு அடி எடுத்து வைத்தாள்.

பாய்ச்சலில் தவறான காலை முன்வைத்தாள். தனியாகச் செய்து காட்டும்போது கொஞ்சம் கோணலாகப் போனாள். ஆனால் அந்தத் தள்ளுவண்டியைத் தாண்டி மூன்று தடவை போனாள், ஒரு தடவையும் மிரளவில்லை. பன்னிரண்டு பேரில் நாங்கள் பதினொன்றாவது. முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன் பூ, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு மஞ்சள் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. பண்ணைக்கார அம்மா மட்டும் கண் கலங்கி, "லவ், பயந்து உள்ளே போனவள் பயம் தெளிந்து வெளியே வந்திருக்கிறாள். முதல் ஷோவுக்கு இது போதும்" என்றார்.

வண்டியில் திரும்பும்போது மகள் வெகுநேரம் பேசவில்லை. கையில் சுற்றிய பச்சை ரிப்பனை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள். பிறகு, "எனக்கும் அன்னிக்கு ஒரு பச்சை ரிப்பன் கட்டியிருக்கலாம்மா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதினொரு வருஷம் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்று என் தோளில் சாய்ந்து கொண்டாள்.

வெள்ளச்சி இப்போது கைதட்டலைக் கேட்டால் காதை முன்னே நிமிர்த்துகிறாள். மகள் இன்னும் மேடை ஏறவில்லை. ஆனால் சமையலறையில் எனக்குக் கேட்கும்படி பாடுகிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை முதல் தடவையாக மேடையிலோ, பரீட்சையிலோ, புது இடத்திலோ மிரண்டு நின்றால், சபையில் உங்கள் மானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அதட்டி ஒரு அடி நகர்த்திவிடலாம். ஆனால் அந்தப் பயம் ஆயுசுக்கும் கூட வரும். முதுகில் கை வைத்து, "நானிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். தானாக ஒரு அடி எடுத்து வைக்கும்.

- ஒரு வாசகி, யார்க்‌ஷயர், இங்கிலாந்து.