பரிசு ஆட்டுக்கு, பாடம் யாருக்கு?

கண்காட்சி என்றவுடன் ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் வளையல் கடையும்தாம் நம் கண்முன் தோன்றும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமப்புறங்களில் கோடை விடுமுறைக் காலத்தில் கவுண்டிக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. 'கவுண்டி' என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. அக்கண்காட்சிகளிலும் ராட்டினம் உண்டு; பஞ்சுமிட்டாயும் உண்டு. ஆனால் அவற்றின் உயிர்நாடி கால்நடைக் கொட்டகையே எனலாம். நம்மையொத்த பள்ளிப் பிள்ளைகள் தாம் வளர்த்த ஆடு, மாடு, பன்றி, கோழி, முயல் ஆகியவற்றை அங்கே கொண்டுவந்து நடுவர்முன் நிறுத்துகின்றனர். வென்றவர்க்கு ரிப்பன் சூட்டப்படுகிறது. இறைச்சிக்கென வளர்க்கப்பட்டவை இறுதியில் ஏலம் விடப்படுகின்றன. அப்பணத்தைக் கல்லூரிப் படிப்புக்கெனச் சேமித்துவைக்கும் பிள்ளைகள் பலர்.

கொழுத்த ஆட்டுக்குட்டி ஒன்று இருந்தால் போதும், பரிசை வென்றுவிடலாம் என்று நாம் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பல மாநிலங்களில், உரிய பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்காத பிள்ளை தன் ஆட்டுடன் அரங்கினுள் காலடி வைக்க இயலாது. ஆடு வளர்க்கவும் ஒரு படிப்பா? அப்படி என்னதான் படிக்கிறார்கள்? காண்போம்.

நான்கு இதழ் இலை

1902-ஆம் ஆண்டு ஜனவரியில், ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். ஏட்டுக் கல்வி மட்டும் போதாது, மண்ணையும் பயிரையும் பிள்ளைகள் தம் கையால் அறியவேண்டும் என்பது அவர் கருத்து. இத்தகைய சங்கங்களே பின்னர் 'ஃபோர்-எச்' என்னும் பேரியக்கமாக வளர்ந்தன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 'எச்' என்ற எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. நான்கு இதழ்கொண்ட பச்சை இலையே அதன் சின்னம். 1914-இல் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி, மாநில வேளாண் கல்லூரிகளின் அறிவை ஊர்தோறும் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணி நாடெங்கும் ஏற்பட்டது. ஃபோர்-எச் சங்கங்கள் அதன் நிழலில் தழைத்தன.

1928-இல் கான்சாஸ் நகரில் 'எஃப்.எஃப்.ஏ.' என்ற மற்றோர் அமைப்பு தோன்றியது. உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை பயிலும் மாணவர்க்கு உரியது அது. அதில் பெண்களும் உறுப்பினராகலாம் என்ற உரிமை 1969-இல்தான் கிடைத்தது. அதற்கடுத்த 13 ஆண்டுகளில், அதாவது 1982-இல், ஓர் இளம்பெண் அதன் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாட்டுக் கொட்டகை ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் எவ்வளவு விரைவில் மாறியது, பாருங்கள்!

எட்டு வயது முதல் படிப்பு

அந்நாட்டில் பல மாநிலங்களும் கண்காட்சிகளும் ஏற்றுக்கொண்டுள்ள பயிற்சி ஒன்று உண்டு. ஒய்.க்யூ.சி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். விலங்குகளைத் தரமாகப் பராமரிக்க இளையோர்க்கு அளிக்கும் பயிற்சி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 8 முதல் 21 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். 8 முதல் 11 வரை, 12 முதல் 14 வரை, 15 முதல் 18 வரை, 19 முதல் 21 வரை என வயதிற்கேற்ப நான்கு பிரிவுகள் உள்ளன. ஆசிரியர்முன் அமர்ந்தும் படிக்கலாம். இணையத்தின் வழியாகவும் படிக்கலாம். சான்றிதழ் ஓராண்டிற்கே செல்லும்; மறு ஆண்டு மீண்டும் படிக்கவேண்டும். வேறு சில மாநிலங்கள் தாமே வகுத்த பயிற்சியை நடத்துகின்றன.

பாடங்கள் மூன்று தூண்களின்மேல் நிற்கின்றன. முதலாவது, உணவின் தூய்மை. இரண்டாவது, விலங்கின் நலம். மூன்றாவது, வளர்க்கும் பிள்ளையின் நற்பண்பு. ஆட்டைப்பற்றிய படிப்பில் பிள்ளையின் குணத்திற்கு ஏன் இடமளித்தார்கள் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

விலங்கின் நலம் என்றால் தீனி போடுவது மட்டுமன்று. பன்றிக்கு நம்மைப்போல் வியர்த்து உடல் குளிர்வதில்லை. ஆகையால் கோடைக் கண்காட்சியில் நிழலும் தண்ணீரும் குறைந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. ஊசி போடுவதற்கும் முறை உண்டு. பின்தொடையில் சதை மிகுதியாக இருக்கிறதே என்று அங்கே குத்திவிடக் கூடாது. குத்திய இடத்தில் தழும்பேறி இறைச்சி கெட்டுவிடும். ஆகவே கழுத்துப் பகுதியில்தான் போடவேண்டும். ஊசிமுனை ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் மறைக்கக் கூடாது. அந்த விலங்குக்கு அடையாளமிட்டு உரியவர்க்கு அறிவிக்கவேண்டும். அவ்விறைச்சி யாரோ ஒருவரின் தட்டுக்குப் போகிறதல்லவா?

அரங்கிலும் இந்த அறிவு சோதிக்கப்படுகிறது. ஒரு போட்டியில் விலங்கின் உடலமைப்பை மதிப்பிடுவர். மற்றொரு போட்டியில் பிள்ளையின் திறமையை மதிப்பிடுவர். விலங்குக்கும் நடுவருக்கும் இடையில் தான் குறுக்கே நில்லாமல் அதனை நடத்திக் காட்டவேண்டும். என்ன தீனி கொடுத்தாய், அதில் புரதம் எவ்வளவு, எடை என்ன என்று நடுவர் கேட்பார். அப்பா பார்த்துக்கொண்டார் என்ற பதில் அங்கே செல்லாது.

ஓர் எண்ணின் விலை

இப்பயிற்சியின் இதயம் எதுவென்று கேட்டால், மருந்துப் பதிவேடு என்றே நாம் சொல்வோம். எந்த விலங்குக்கு, எந்த நாளில், எந்த மருந்தை, எவ்வளவு, எவ்வழியில், யார் கொடுத்தார் என்பதையெல்லாம் பிள்ளை அதில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் 'விலக்குக் காலம்' என்று ஒன்று உண்டு. மருந்து கொடுத்தபின் அத்தனை நாள் கழியும்வரை விலங்கை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது. கறவையானால் பாலையும் விற்கக் கூடாது. மருந்தின் எச்சம் உடலைவிட்டு நீங்க அவ்வளவு காலம் தேவை.

எடுத்துக்காட்டாக ஒரு சிறுமியை நினைத்துக்கொள்வோம். பனிக்காலம் முதல் அவள் ஓர் ஆட்டுக்குட்டியை வளர்த்து வருகிறாள். ஜூலை 28-ஆம் நாள் அதற்குக் காய்ச்சல் வர, மருத்துவர் சொற்படி ஊசி போடப்படுகிறது. அம்மருந்தின் விலக்குக் காலம் 14 நாள். அப்படியானால் ஆகஸ்டு 11-ஆம் நாள்தான் அக்காலம் முடியும். ஏலமோ ஆகஸ்டு 10! ஒரே ஒரு நாள்தான் குறைகிறது. ஆட்டின் காய்ச்சல் தணிந்துவிட்டது. அது துள்ளித் திரிகிறது. பதிவேடோ அவள் கையில் இருக்கிறது. '28' என்பதிலுள்ள 8-ஐ 6 ஆகத் திருத்த ஒரு நொடி போதும். யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் திருத்தினால் என்ன ஆகும்? ஒருவேளை ஒன்றும் ஆகாமற்போகலாம். ஆனால் பென்சிலின் ஒவ்வாத ஒருவருக்கு அம்மருந்தின் எச்சம் தீங்கு செய்யக்கூடும். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் யாரென்று அவருக்கும் தெரியாது. மேலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை முறையின்றிப் பயன்படுத்தினால் கிருமிகள் அவற்றிற்கு அஞ்சாதனவாகிவிடும். பின்னர் மனிதர் நோய்ப்படும்போது மருந்து பயன்படாது. இதனாலேயே 2023 ஜூன் முதல், மனித மருத்துவத்திற்கும் இன்றியமையாத நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கால்நடைக்கு வாங்குவதானாலும் கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும் என்பது அந்நாட்டில் விதியாயிற்று. அதற்குமுன் அவற்றுட் சிலவற்றைக் கடையில் நேரே வாங்க முடிந்தது.

நற்பண்பு ஏன் மூன்றாவது தூணாயிற்று என்பது இப்போது விளங்கும். கணக்கை எவரும் கற்பிக்கலாம். 28-ஐ 28 என்றே விட்டுவைக்கும் மனத்தை எப்படிக் கற்பிப்பது? ஒரு மணி நேரப் பாடத்தால் மனச்சான்று பிறந்துவிடுமா என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. தேர்வு அறிவைத்தான் அளக்கும். ஆயினும், செய்வது தவறு என்று அறியாமல் செய்தேன் என்ற சாக்குக்கு அந்தப் பாடம் இடம் வைப்பதில்லை.

கசப்பான அனுபவங்கள்

இவ்விதிகள் சும்மா பிறந்தவை அல்ல. 1994-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் வென்ற விலங்குகள் சிலவற்றில் முறைகேடு நடந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது. சதைப்பற்று மிகுந்து தோன்றும்படி தோலுக்கடியில் எண்ணெய் செலுத்தப்பட்டிருந்தது. பிள்ளைகளின் போட்டியாயினும் இதில் பெரியவர்களின் கையும் இருந்தது என்பது வேதனைக்குரியது. அதன்பின் அம்மாநிலம் கண்காட்சி விலங்குகளுக்கெனக் கடுமையான விதிகளை வகுத்தது. இன்று அங்கே கால்நடைகளைக் காட்டும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பயிற்சி பெறவேண்டும். தம் விலங்குக்கு அளித்த மருந்துகளைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெற்றோரும் கையொப்பமிடுகின்றனர். பெற்றோரே, இதை நீங்களும் கவனிக்க வேண்டுகிறோம்! பிள்ளைக்குப் பரிசு வாங்கித்தரும் ஆசையில் அதன் நேர்மையை இழக்கச் செய்வது எந்த நாட்டிலும் நிகழக்கூடியதே.

2012-ஆம் ஆண்டு மற்றொரு பாடம் கிடைத்தது. பன்றிகளிடமிருந்து ஒருவகைக் காய்ச்சல் அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. அவர்களுள் பெரும்பாலோர் கண்காட்சிகளில் பன்றிகளுடன் பழகிய சிறுவர் சிறுமியரே. கொட்டகையில் உண்ணாதே, பருகாதே, வெளியே வந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவு, நோயுற்ற விலங்கைக் கொண்டுவராதே, திரும்பிய விலங்கைச் சில வாரம் தனிப்பட்டியில் வை என்னும் விதிகளின் அருமை அப்போது புலனாயிற்று. 2024-இல் பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளையும் தொற்றியபோது, கறவைகளைச் சோதித்தபின்னரே பல கண்காட்சிகள் உள்ளே அனுமதித்தன.

பிரியும் நாள்

ஏல நாளன்று கொட்டகையின் மூலையில் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகளைக் காணலாம். மாதக்கணக்கில் தீனியூட்டி, குளிப்பாட்டி, பெயரிட்டு வளர்த்ததை இறைச்சிக்கு அனுப்புவது கொடுமையல்லவா என்று நம்முள் சிலர் கேட்பர். அக்கண்ணீரை நாம் எளிதாக எண்ணலாகாது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றை உணவுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் தேவையின்றித் துன்புறுத்துதல் மனித மாண்புக்கு ஒவ்வாது என்று திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. படைப்பின்மேல் நமக்குள்ள பொறுப்பைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலும் நினைவூட்டுகிறது. தட்டில் உள்ள உணவு ஓர் உயிரிடமிருந்து வந்தது என்பதை அழுதுகொண்டே கற்ற பிள்ளை, அதை வீணாக்கத் துணியாது. அவ்வுயிரை வதைக்கவும் மனம் கொள்ளாது.

நம் பள்ளியிலும் ஆடு, மாடு, கோழி வளர்க்கும் இல்லங்களிலிருந்து வரும் மாணவியர் உளர். சான்றிதழ் எதுவும் நம்மிடம் கேட்கப்படுவதில்லை. ஆயினும் பசுவுக்கு ஊசி போட்ட நாளைக் குறித்துவைப்பதும், எத்தனை நாள் பாலைக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவரைக் கேட்பதும் நம்மால் இயலாதவை அல்ல. அவர் சொன்ன நாள்வரை பொறுத்திருப்பதும் அப்படியே.

நம் சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். அவள் 28-ஐத் திருத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவளது ஆடு ஏலத்தில் நிற்கவில்லை. சேமிப்பில் அவ்வாண்டு பணம் சேரவில்லை. ரிப்பன் ஏதுமின்றி ஆட்டை வண்டியிலேற்றி வீடு திரும்புகிறாள். அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவார் யாருமில்லை. ஆனால் எங்கோ ஓர் இல்லத்தில், அவளை அறியாத ஒரு குடும்பம், அன்று இரவு அச்சமின்றி உணவருந்துகிறது. மறைவானதைக் காணும் இறைவன் அதையும் கண்டிருப்பார் அன்றோ?