நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டுமா?

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இன்ஜின் ஆயில் கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது ‘என்ன வண்டி?’, அடுத்தது ‘என்ன கிரேடு?’. இரண்டாவது கேள்விக்குப் பலரும் விழிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் யாராவது, “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயிலா போடுங்க சார்” என்பார். அம்பாசடர் ஓடிய காலத்துக்கு அது நல்ல யோசனை. இன்றைய காருக்கு அது ஒத்துவராது.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக நகரும் என்பதற்கு. பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மதுரைக்காரருக்கு மைனஸ் எதற்கு என்று தோன்றும். ஆனால் 30 டிகிரி காலையில் சாவி போடும்போதுகூட, ஓடிச் சூடேறிய நிலையில் இருப்பதைவிட ஆயில் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. அடியிலிருந்து இன்ஜினின் தலை வரை அது போய்ச் சேரும் அந்தச் சில நொடிகளில்தான் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. வெயில் விஷயமும் நினைப்பதுபோல் இல்லை. கொடைக்கானலோ வேலூரோ, சூடேறிய இன்ஜினின் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே வைத்திருக்கப் பார்க்கும்.

மாருதியின் சமீபத்திய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 என்ற, தண்ணீர்போல் ஓடும் ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. வால்வு திறக்கும் நேரத்தை ஆயிலின் அழுத்தத்தாலேயே மாற்றும் இன்ஜின்களில் குறுகலான துளைகள் உண்டு. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்த அமைப்பு மந்தமாகும், மைலேஜும் குறையும். டர்போ பெட்ரோல் வண்டிக்கு, 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம் டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சிலிண்டரில் நேரத்துக்கு முன்பே தீப்பிடிக்கும் கோளாறைத் தடுக்கும் சோதனை அதில் சேர்ந்திருக்கிறது. பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. டாஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் ஒரே வரியில் இருக்கிறது.

கிரேடும் தரமும் கையேட்டோடு பொருந்திவிட்டால் எந்த பிராண்டு என்பது இரண்டாம் பட்சம். போலி ஆயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். சீல் உடைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, காலி டப்பாவையும் கையோடு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சர்வீஸ் பில்லில் ‘இன்ஜின் ஃபிளஷ்’ என்று ஒரு வரி சேர்ந்தால், கையேடு அதைச் சொல்கிறதா என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் வராது.

சிந்தெடிக்குக்கும் சாதா ஆயிலுக்கும் ஒரு சர்வீஸில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் வரலாம். அதற்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர், காருக்கு மொத்தம் என்ன செலவாகிறது என்று எழுதிப் பார்ப்பதில்லை.

8 லட்சம் ரூபாய் காரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணைப்படி, ஐந்தாம் ஆண்டில் அதன் மதிப்பு பாதி. ஆண்டுக்கு 80,000 ரூபாய் சத்தமில்லாமல் கரைகிறது. தமிழ்நாட்டில் இந்த விலைக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், அதாவது 1,04,000. பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 7,000. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு 55,000-க்கு மேல். காப்பீடு, டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 30,000 என்று வைத்தால் மொத்தம் 1,72,000. கிலோமீட்டருக்கு 17 ரூபாய்! கடன் வட்டி இதில் சேரவில்லை. ஆயிலில் மிச்சம் பிடிக்கும் ஆயிரத்து ஐந்நூறு இதில் ஒரு சதவீதம்கூட இல்லை. தவறான ஆயிலால் இன்ஜினைப் பிரிக்க நேர்ந்தால் பில் பல பத்தாயிரங்களில் வரும்.

அதே கார் வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், பெட்ரோல் குறைந்தாலும் தேய்மானமும் வரியும் அப்படியே நிற்கும். கிலோமீட்டருக்கு 35 ரூபாய் வரை போய்விடும். மார்க்கெட்டுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுக்கும் குடும்பத்துக்கு வாடகை டாக்ஸி மலிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

‘வண்டிதான் ஓடலையே, ஆயில் எதுக்கு?’ என்று தள்ளிப்போடுபவர்களும் இவர்கள்தான். பல கையேடுகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் சரியாகச் சூடாவதில்லை. அதில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கம் பார்த்தால் மோர் நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருக்கும். கூலன்ட் அளவும் சேர்ந்து குறைந்திருந்தால், அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.