ஒரு புகார் பேட்ச் ஆகும் வழி

விம் எடிட்டரைத் திறந்து, முக்காற்புள்ளி போட்டு 'வெர்ஷன்' என்று தட்டுங்கள். திரையில் ஒரு நீளமான பட்டியல் ஓடும். அதன் தொடக்கத்தில் 9.1 என்பது போல ஒரு பதிப்பு எண் இருக்கும். அதற்குக் கீழே, இதில் சேர்ந்துள்ள பேட்ச்கள் 1 முதல் இத்தனை வரை என்று இன்னொரு வரி இருக்கும். பதிப்பு எண்ணைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் விம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பேட்ச் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்களில் கணிசமானவை, யாரோ ஒரு பயனர் "இது சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதியதால் சேர்ந்தவை.

விம்மின் வரலாறு சுருக்கமாக இது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-ல் எழுதிய 'விஐ' எடிட்டரின் வழியில் வந்தது விம். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் தம்முடைய அமிகா கணினிக்கு அப்படி ஓர் எடிட்டர் வேண்டுமென்று 1988-ல் வேலையைத் தொடங்கினார். வெளியே விட்ட முதல் பதிப்பு 1.14, 1991 நவம்பரில் ஃபிளாப்பி வட்டில் வந்தது. 1998-ல் வந்த 5.0 நிரல் வரிகளுக்கு வண்ணம் கொடுத்தது. 2006-ன் 7.0 எழுத்துப்பிழை திருத்தியையும் டேப்களையும் கொண்டுவந்தது. 2016-ன் 8.0 வேறு நிரல்களைப் பின்னணியில் ஓடவிட வழி செய்தது. 2022 ஜூனில் 9.0 வந்தது. இன்றைக்கு லினக்ஸ் சர்வர் எதற்குள் நுழைந்தாலும் விம்மோ அதன் சிறிய வடிவமோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பெரிய எண்களுக்கு நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விம் சும்மா இருப்பதில்லை. 7.4 வந்தது 2013-ல், 8.0 வந்தது 2016-ல். இடையில் சேர்ந்த பேட்ச்கள் 2,300-க்கும் மேல். 8.2 வந்த 2019 டிசம்பருக்கும் 9.0-க்கும் நடுவே 5,100-ஐத் தாண்டியது. அதாவது, புதிய பதிப்பு வெளியாகிறது என்றால் அன்று ஏதோ புதிதாகப் பிறந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்கள் ஒரு மாதிரி நிலைத்துவிட்டன, இனி எல்லோரும் நம்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பராமரிப்பவர் சொல்கிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து பேட்ச் எண் மறுபடி 1-ல் தொடங்குகிறது.

ஒரு பேட்ச் எப்படி இருக்கும்? விம்மில் இதற்கென்று ஒரு கட்டுப்பாடான வடிவம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வடிவம். 'சிக்கல்' என்று ஒரு வரி, 'தீர்வு' என்று ஒரு வரி. சிக்கலைச் சொன்னவர் யாரோ அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் அந்த வரியிலேயே இருக்கும். நிரலை மாற்றியதோடு, அதே தவறு மீண்டும் தலைகாட்டினால் பிடித்துவிடும் சோதனை ஒன்றும் பெரும்பாலும் கூடவே சேரும். கடைசியாக, மூல நிரலில் உள்ள 'வெர்ஷன்' கோப்பில் ஒரு நீளமான எண் பட்டியல் இருக்கிறது. அதன் தலையில் புதிய எண் ஏறும். நீங்கள் 'வெர்ஷன்' என்று தட்டும்போது தெரிவது அந்தப் பட்டியல்தான். இந்த எண்ணைப் பராமரிப்பவர்தான் போடுவார். மாற்றம் அனுப்புகிற ஒவ்வொருவரும் அவரவர் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் எல்லோரும் ஒரே வரியில் வந்து மோதுவார்கள்.

எண் சும்மா கணக்குக்காக இல்லை. பிளக்இன் எழுதுகிறவர்கள், இன்ன பேட்ச் இந்த விம்மில் இருக்கிறதா என்று நிரலிலேயே கேட்டுப் பார்க்கலாம். இருந்தால் புதிய வசதியைப் பயன்படுத்துவார்கள், இல்லையென்றால் பழைய வழியில் போவார்கள்.

இதில் ஓர் எண்ணை மட்டும் எடுத்து நெருங்கிப் பார்க்கலாம்: 8.1.1365. தேதி 2019 மே மாதம். அதில் சொல்லப்பட்ட சிக்கல், 'சோர்ஸ்' என்ற கட்டளை தான் பாதுகாப்புக் கூண்டுக்குள் இருக்கிறோமா என்று பார்ப்பதில்லை என்பது. தீர்வு, பார்க்கச் செய்வது. இரண்டு வரிகளில் முடிந்துவிட்ட இந்த விஷயம் அடுத்த மாதம் உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகளை அவசர அவசரமாக அப்டேட் போட வைத்தது.

நடந்தது இது. ஒரு கோப்பின் முதல் ஐந்து அல்லது கடைசி ஐந்து வரிகளில், இந்தக் கோப்பை எப்படிக் காட்ட வேண்டும் என்று விம்முக்குக் குறிப்பு எழுதி வைக்கலாம். டேப் எத்தனை இடம் அகலம், வரிகளை எப்படி மடிப்பது என்பது மாதிரி. இதற்கு மோட்லைன் என்று பெயர். கோப்பைத் திறந்ததும் விம் தானாகவே அதைப் படித்து நடந்துகொள்ளும். யாரோ அனுப்பிய கோப்பில் யாரோ எழுதிய குறிப்பு என்பதால் விம் இதில் ஜாக்கிரதையாகவே இருந்தது. அமைப்புகளை மாற்ற மட்டும்தான் அனுமதி. சில அமைப்புகளின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பெற வேண்டியிருக்கும். வரி மடிப்பு அப்படிப்பட்டது. அந்தக் கணக்குகளைக் கூண்டுக்குள் வைத்து ஓட்டியது. கூண்டுக்குள் இருக்கும்வரை வெளிக்கட்டளை எதையும் இயக்க முடியாது.

ஒரே ஒரு சந்து திறந்திருந்தது. 'சோர்ஸ்' கட்டளையை ஆச்சரியக்குறியோடு கொடுத்தால், ஒரு கோப்பில் உள்ள எழுத்துகளை யாரோ விசைப்பலகையில் தட்டுவதுபோல விம் வாங்கிக்கொள்ளும். அப்படித் தட்டப்படுவது கூண்டு விலகிய பிறகு நடக்கும். ஆகவே மோட்லைனில் வரி மடிப்புக்கான கணக்கு என்ற பெயரில் இந்தக் கட்டளையை நுழைத்து, படிக்க வேண்டிய கோப்பு 'இதே கோப்புதான்' என்று சொல்லிவிட்டால் போதும். திறந்த கோப்பே தன்னுள் இருக்கும் கட்டளைகளை உங்கள் விசைப்பலகை வழியாகத் தட்டத் தொடங்கிவிடும். சாதாரண உரைக்கோப்புதானே என்று திறந்தவரின் கணினியில், அவருடைய உரிமைகளோடு, எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மிலும் இதே குறை இருந்தது; 0.3.6 பதிப்பில் அது சரி செய்யப்பட்டது.

இதைக் கண்டுபிடித்த ஆய்வாளர் செய்தது ஒழுங்கான வேலை. ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன் எழுதியவர்களிடம் சொன்னார். பேட்ச் வந்தது. அதன் பிறகே விவரம் வெளியானது. 8.1.1365-க்கு அடுத்த எண்ணான 8.1.1366-ஐயும் கவனிக்க வேண்டும். சந்தை அடைத்ததோடு நிற்காமல், மோட்லைனுக்குள் கணக்கு எழுதும் வழக்கத்தையே அது இயல்பாக முடக்கி வைத்தது. வேண்டுமென்பவர் தானே இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டது. ஓட்டை இருந்த இடத்தை அடைப்பதும், ஓட்டை விழக்கூடிய இடத்தையே சுருக்குவதும் அடுத்தடுத்த எண்களில் நடந்தன. நல்ல பராமரிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் பலரும் குழம்புவார்கள். "என் சர்வரில் இருப்பது 8.0.0197, சரிசெய்த பேட்ச் 8.1.1365 என்கிறார்கள், அப்படியானால் நான் ஆபத்தில் இருக்கிறேனா?" டெபியன் 9-ல் இருந்த விம் அந்த எண்தான். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களை உருவாக்குகிறவர்கள் தம் நிலையான வெளியீட்டில் பெரிய பதிப்பை மாற்ற மாட்டார்கள். பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தி, பொதியின் எண்ணுக்கு வால் சேர்த்து அனுப்புவார்கள். உபுண்டு 22.04-ல் இன்றும் விம் 8.2.3995-தான், ஆனால் அதற்குப் பின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் பல அதற்குள் இருக்கின்றன. ஆகவே விநியோகத்தின் விம்மைப் பயன்படுத்துகிறவர்கள் பார்க்க வேண்டியது பொதி எண்ணின் வாலையும், அந்த விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பையும். முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

இத்தனை பேட்ச்களையும் யார் சேர்த்தார்கள் என்பது முக்கியமான கேள்வி. மாற்றங்களை எழுதியவர்கள் பலர். ஆனால் பல்லாண்டுகளாக மையத்தில் அவற்றைப் படித்து, திருத்தி, எண் போட்டுச் சேர்த்தவர் பெரும்பாலும் பிராம் மூலனார் ஒருவரே. விம்மைப் பயன்படுத்தி மகிழ்ந்தவர்களிடம் அவர் கேட்டது, உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பது மட்டும்தான். 2023 ஆகஸ்ட் 3-ல் அவர் காலமானார். ஒருவர் தோளில் இருந்த வேலை அதன்பின் பலர் கைக்குப் பிரிந்தது. நெடுநாள் பங்களிப்பாளரான கிறிஸ்டியன் பிராபண்ட் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2024 ஜனவரி 2-ல் வந்த 9.1 பதிப்பு மூலனாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சிக்கல், தீர்வு, எண் என்ற வடிவம் மாறவில்லை.

பராமரிப்பவர்களின் நேரம் எவ்வளவு அரியது என்று தெரிந்தால் புகார் எழுதும் விதமும் மாறும். 2022-ல், வழு கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தருகிற ஒரு தளத்தின் வழியாக விம்மின் மேல் புகார்கள் குவிந்தன. தானியங்கிக் கருவியை வைத்துத் தாறுமாறான உள்ளீடுகளைக் கொட்டி, எங்கே நினைவகம் தடுமாறுகிறது என்று பார்க்கும் முறை. அதனால் விம் உறுதிப்பட்டது உண்மை. ஆனால் அவற்றில் பல, எந்த மனிதரும் தட்டவே போகாத கட்டளைத் தொடர்கள். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அடைக்க வேண்டியிருந்தது. அன்றாடம் பயன்படுத்துகிறவர் எழுதும் ஒரு தெளிவான புகார் இவற்றில் பலவற்றை விட மதிப்பானது என்பேன். ஏனென்றால் அது நிஜமாகவே ஒருவர் வேலையைத் தடுத்த குறை.

தெளிவான புகார் என்றால் என்ன? வேறொருவர் தம் கணினியில் அதே தவறை வரவழைக்க முடிய வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். 'விம் தொங்கிவிடுகிறது' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் 'கிளீன்' என்ற தேர்வோடு விம்மைத் தொடங்குங்கள். உங்கள் அமைப்புக் கோப்பும் பிளக்இன்களும் இல்லாமல் வெறும் விம் திறக்கும். தவறு அங்கே வரவில்லையென்றால் பழி விம்மின் மேல் இல்லை. பிளக்இன்களைப் பாதிப் பாதியாக அணைத்துக் குற்றவாளியைத் தேடலாம். வெறும் விம்மிலும் வருகிறது என்றால் உங்களிடம் ஒரு நல்ல புகார் இருக்கிறது. எந்தக் கோப்பு, எந்த விசைகள் எந்த வரிசையில், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, 'வெர்ஷன்' காட்டும் எண், எந்த டெர்மினல் என்று எழுதுங்கள். கோப்பு ஆயிரம் வரி என்றால் தவறு நீடிக்கும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் நாலைந்து வரிகளில் வந்து நிற்கும். சில சமயம் வெட்டும்போதே காரணமும் தெரிந்துவிடும்.

'முன்பு சரியாக இருந்தது, அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுவிட்டது' என்கிற வகைப் புகாருக்குத் தனி மரியாதை உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் இருப்பதால் கெடுத்த பேட்ச் எது என்று தேடிப் பிடித்துவிடலாம். நடுவில் உள்ள எண்ணைக் கட்டிச் சோதிப்பது, சரியாக இருந்தால் பின்பாதி, இல்லையென்றால் முன்பாதி. 5,000 பேட்ச்கள் இருந்தாலும் 13 சோதனைக்குள் ஒரே எண்ணில் வந்து நிற்கும். அந்த எண்ணோடு வரும் புகாரில் பாதி வேலை முடிந்திருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறிகள்: ககரமும், அதோடு ஒட்டும் ஒகரக் குறியும். அதன்மேல் நின்று 'எக்ஸ்' விசையைத் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். குறியை மட்டும் அழிக்கத்தானே நினைத்தேன் என்று புகார் எழுதிவிடாதீர்கள். 'டெல்கம்பைன்' என்ற அமைப்பை இயக்கினால் குறிகள் தனித்தனியே அழியும் என்று விம்மின் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அது வழு அல்ல, இயல்பு. இதற்கு மாறாக, நீளமான தமிழ் வரியில் கர்சர் ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக விலகி நிற்கிறது என்றால் அதை விசாரிக்கத்தான் வேண்டும். ஓர் எழுத்து எத்தனை கட்டம் அகலம் என்று விம் ஒரு கணக்கு வைத்திருக்கும், டெர்மினல் இன்னொரு கணக்கு வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது இந்த விலகல் வரும். அதே வரியை, டெர்மினல் இல்லாமல் தனிச் சாளரத்தில் ஓடும் ஜிவிம்மில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் புகார் பெரும்பாலும் டெர்மினலை எழுதியவர்களிடம் போக வேண்டியது. தவறான வாசலில் வைத்த புகார் பல மாதம் அப்படியே கிடக்கும்.

வண்ணமிடுதலில் குறை என்றாலும் வாசல் வேறு. ஒவ்வொரு மொழிக்குமான வண்ணக் கோப்புக்கும் தனிப் பராமரிப்பாளர் இருப்பார். பெயர் கோப்பின் தலையிலேயே இருக்கும். எந்தக் கோப்பு என்று தெரியாவிட்டால் 'ஸ்கிரிப்ட்நேம்ஸ்' கட்டளை சொல்லும். மோட்லைன் விவகாரம் மாதிரி, பிறர் கணினிக்குள் புக வழிவிடும் குறை என்றால் பொது இடத்தில் எழுதவே கூடாது. அதற்குத் தனிப்பட்ட வழி இருக்கிறது.

திருத்தம் விம்மில் சேர்ந்ததும் உங்கள் புகார் மூடப்பட்டுவிடும். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பேட்ச் உள்ள விம்மைக் கட்டி, நீங்கள் எழுதிய அதே படிகளை மறுபடி செய்து பாருங்கள். பராமரிப்பவர் சோதித்தது அவருடைய கணினியில்; உங்கள் டெர்மினலில், உங்கள் கோப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.